எல்லை தாண்டும் மாத்திரை

பெங்களூரிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலைகள் 44-ம் 48-ம் ஓசூரைத் தாண்டி கிருஷ்ணகிரி வரைக்கும் ஒரே சாலைதான். கிருஷ்ணகிரியில் பிரிந்து ஒன்று சேலம் வழியாகக் கன்னியாகுமரிக்கும் இன்னொன்று வேலூர் வழியாகச் சென்னைக்கும் போகிறது. ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிந்து, அத்திப்பள்ளியில் கர்நாடகம் ஆரம்பம். வேலைக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டைக் கவனிப்பதே இல்லை. வீடு ஓசூரில், வேலை பொம்மசந்திராவில். வீடு கர்நாடகத்து ஆனேக்கல்லில், வேலை ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் என்று வாழ்பவர்கள் ஏராளம். ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி, கான்ட்ராக்ட் முடிந்ததும் வேறு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் இன்னொரு பக்கம்.

எச்.ஐ.வி. பற்றி எழுத ஓசூரை எடுத்துக்கொண்டதும் சிலருக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வரும்: லாரி, நெடுஞ்சாலை, வெளியூர் ஆள், அதனால் நோய். தொண்ணூறுகளின் சுவரொட்டிகள் நமக்குள் விட்டுப்போன எச்சம் அது. நான் சொல்ல வருவது வேறு. இன்றைக்கு எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். அடக்கி வைக்கத் தினம் ஒரு மாத்திரை போதும். இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். இந்த மருத்துவத்தால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்று, இடைவெளி. ஓசூரின் வாழ்க்கையோ முழுக்க இடைவெளிகளால் ஆனது. ஷிஃப்ட் மாறும், கம்பெனி மாறும், ஊர் மாறும், மாநிலமே மாறும்.

முதலில் பரிசோதனையைப் பார்ப்போம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கதையும் இதே நெடுஞ்சாலை போய்ச் சேரும் ஊர்களில்தான் நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த சுனிதி சாலமன், தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பாக இதைக் கொடுத்தார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அப்போது பரிசோதிக்க வசதியில்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகள் ஐஸ் பெட்டியில் ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. அங்கே நச்சுயிரியல் துறையில் ஜேக்கப் ஜான் இருந்தார். எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, தொற்று இருப்பதற்கான அடையாளம் அது. அத்தோடு அவர்கள் அறிவித்துவிடவில்லை. அதே பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி சோதித்து, அமெரிக்காவுக்கும் அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் முறையில் உறுதி செய்த பிறகுதான் சேதி சட்டமன்றம் வரை போனது. ஒரு சோதனையை மட்டும் நம்பாத அந்தப் பிடிவாதம் இன்றைக்கும் நம் ஊர்ப் பரிசோதனை மையங்களில் விதியாக இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்கான அறைக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். ஆலோசகர் முதலில் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். எதற்குச் சோதனை, முடிவு எப்படி வந்தாலும் அடுத்தது என்ன என்று சொல்லி, சம்மதம் வாங்குவார். பிறகு லேப் டெக்னீஷியன் கையிலிருந்து சில மில்லி ரத்தம் எடுத்து, உறையவிட்டு, சீரத்தைப் பிரிப்பார். சில கருவிகளில் சீரத்தைச் சொட்டவிட்டால் சின்னச் சவ்வில் புள்ளிகள் தெரியும். ஒரு புள்ளி கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு. அது தெரியாவிட்டால் சோதனையே செல்லாது. மற்ற இரண்டு புள்ளிகள் எச்.ஐ.வி.-1, எச்.ஐ.வி.-2 என்ற இரு வகைகளுக்கு. இந்தக் கருவிகள் தேடுவது வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளை.

முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் 'நெகட்டிவ்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். புள்ளி தெரிந்தால் 'பாசிட்டிவ்' என்று சொல்ல மாட்டார்கள். வேறு கருவியில் இரண்டாவது, இன்னும் வேறு கருவியில் மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போனால்தான் எச்.ஐ.வி. உறுதி. இதில் அரசாங்கத்தின் அதீத ஜாக்கிரதை ஒன்றும் இல்லை, வெறும் பெருக்கல் கணக்கு. போட்டுப் பாருங்கள்.

ஒரு தொழிற்பேட்டையில் 10,000 பேரைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. தொற்றின் அளவு சுமார் 0.2 சதவீதம். அந்த விகிதப்படி 10,000 பேரில் 20 பேருக்குத் தொற்று, 9,980 பேருக்கு இல்லை. தொற்று இல்லாத 100 பேரில் 98 பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் கருவி நம் கையில் இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் மீதி 2 சதவீதம் 9,980 பேரில் ஏறக்குறைய 200 பேர்! ஆக, புள்ளி தெரிந்த 220 பேரில் 20 பேருக்குத்தான் உண்மையில் தொற்று. அதாவது பதினோரு பேரில் ஒருவர். முதல் புள்ளியைப் பார்த்துவிட்டு 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்திருந்தால், 200 குடும்பங்களில் தேவையில்லாமல் இடி விழுந்திருக்கும். வேறு தத்துவத்தில், வேறு புரதத்தை வைத்து வேலை செய்யும் இரண்டாவது கருவி அந்த 200-ஐ 4 ஆக்குகிறது. மூன்றாவது கருவிக்குப் பிறகு ஒருவர்கூட மிஞ்ச வாய்ப்பு அரிது. கருவிகள் வெவ்வேறாக இருப்பது முக்கியம். ஒரே கருவியை மூன்று முறை போட்டால், முதல் முறை ஏமாற்றிய ரத்தம் மூன்று முறையும் ஏமாற்றும். மூன்றும் ஒத்துப்போகாத ரத்தமும் உண்டு. அவர்களை இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து வரச்சொல்லி மறுபடி பார்ப்பார்கள்.

தனியார் கிளினிக்கிலோ, அறுவைக்கு முன்பான சோதனைத் தொகுப்பிலோ ஒரே ஒரு சோதனைக் கார்டைப் போட்டுப் பார்த்து, அதன் முடிவை நோயாளியிடம் சொல்வதற்கு முன் கூட வந்தவரிடம் சொல்லிவிடும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. அறிவியல்படியும் தப்பு, சட்டப்படியும் தப்பு. பிறகு சட்டத்துக்கு வருகிறேன்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தொற்று ஏற்பட்ட உடனே எதிர்ப்பொருள் உருவாவதில்லை; மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம். இந்த இடைவேளையில் ஒருவர் ரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும், சோதனையோ 'இல்லை' என்று சொல்லும். தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, நெறிகட்டுதல் வரும். டெங்கு சீசனில் அது இன்னொரு காய்ச்சலாகக் கணக்கில் சேர்ந்து, இரண்டு நாள் லீவோடு மறந்துபோகும். அதனால்தான் ஆபத்துக்கு வாய்ப்பிருந்தவரிடம், மூன்று மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்கிறார்கள். மூன்று மாதம் கழித்து அவர் எந்த ஊரில் இருப்பார் என்பதுதான் ஓசூரின் கேள்வி.

காய்ச்சல் போன பிறகு பல வருடம் ஒன்றும் தெரியாது. ஆள் வேலைக்குப் போவார், ஓவர்டைம் பார்ப்பார். உள்ளே சி.டி.4 என்ற வெள்ளணுக்கள் மெல்லக் குறைந்துகொண்டே வரும். இந்தக் கட்டத்தில் நோயைப் பிடிக்கும் மருத்துவர், சின்ன அறிகுறிகளுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். முதுகிலோ விலாவிலோ ஒரே பக்கமாகக் கொப்புளம் கிளம்பி எரியும். நம் ஊரில் குயவரிடம் போய்க் காவி குழைத்து 'அக்கி எழுதி'க்கொள்வார்கள். சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருந்து மறுபடி எழும்புவதுதான் அது. அறுபது வயதுக்காரருக்கு வந்தால் ஆச்சரியமில்லை. முப்பது வயது இளைஞருக்கு வந்தால், எதிர்ப்புச் சக்தி ஏன் இறங்கியது என்று கேட்க வேண்டும். வாயில் வெள்ளைப் படலம், விடாத வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் இளைத்துப்போவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காசநோய். காசநோய் உறுதியான எல்லோருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்வது இன்று நடைமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய் என்பதால் மறுபக்கத்திலிருந்தும் தேடுகிறார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, ராத்திரி வியர்வை உண்டா என்ற நான்கு கேள்விகள். காற்றோட்டமில்லாத அறையில் ஐந்தாறு பேர் படுத்தெழும் ஊரில் இந்தக் கேள்விகளைக் கடமைக்குக் கேட்டுவிட்டுப் போக முடியாது.

சோதனை சரியாக நடந்தும் எல்லாம் தப்பாகப் போகலாம் என்பதற்கு விருதுநகர் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் வெளியே வந்த விவகாரம் சாட்சி. ரத்த தானம் செய்த இளைஞர் ஒருவருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே ரத்த வங்கியில் தெரிந்திருக்கிறது. அந்தச் சேதி அவரைப் போய்ச் சேரவில்லை. தெரியாமல் அவர் 2018-ல் மறுபடி தானம் செய்ய, இந்த முறை ரத்தம் 'பாதுகாப்பானது' என்று வெளியேறி, ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்டது. கருவி கண்டுபிடித்ததை மனிதர்கள் உரியவர் காதில் போடவில்லை. முடிவு ரிஜிஸ்டரில் இருப்பதற்குப் பெயர் நோயறிதல் அல்ல.

இனி மருந்து. எச்.ஐ.வி.யின் மரபுப் பொருள் சுமார் பத்தாயிரம் எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. சி.டி.4 அணுவுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாக நகலெடுத்து, அந்த நகலை நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். நகலெடுக்கும் நொதி அவசரக்காரன். பிழைபார்க்கும் பழக்கம் கிடையாது. மருந்து எடுக்காதவர் உடம்பில் ஒரு நாளைக்கு உருவாகும் வைரஸ் துகள்கள் ஆயிரம் கோடி அளவுக்கு இருக்கும். இத்தனை கோடி நகலில் இத்தனை பிழை இருந்தால், எந்த ஒரு மருந்தையும் ஏமாற்றக்கூடிய மாற்றம் எங்கேயாவது ஏற்கெனவே உருவாகியிருக்கும். ஆனால் மூன்று மருந்தையும் ஒரே நேரத்தில் ஏமாற்றும் பிழைகள் ஒரே வைரஸில் வந்து சேர்வது மிக அரிது. சோதனையில் பார்த்த அதே பெருக்கல் கணக்கு இங்கே நமக்கு இன்னொரு விதத்தில் உதவுகிறது.

இந்தியாவில் இப்போது பெரும்பாலானோர் எடுப்பது டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மூன்றும் ஒன்றாக இருக்கும் மாத்திரை. மையத்தில் 'டி.எல்.டி.' என்பார்கள். முதல் இரண்டும் டி.என்.ஏ.வின் எழுத்துகளைப் போல வேஷம் போட்டு நகலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிப்பில் ஒரு பல் உடைந்தால் அதற்கு மேல் ஏறாது அல்லவா, அதுபோல நகல் அங்கேயே நின்றுவிடும். தப்பி முடிந்த நகலை நம் டி.என்.ஏ.வில் செருகவிடாமல் தடுப்பது டொலுடெக்ராவிரின் வேலை. நகல் ஏற்கெனவே செருகப்பட்டு, தூங்கிக்கொண்டிருக்கும் அணுக்களை இம்மூன்றில் எதுவும் தொடாது. அதனால்தான் இது ஆயுள் முழுக்க எடுக்கும் மருந்து. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி ரத்தத்தில் தலைகாட்டும்.

இந்த மாத்திரை இவ்வளவு சாதாரணமாகக் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு விலைப் போர் இருக்கிறது. 2000-ல் ஒருவருக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேலே ஆன மருந்தை, 2001-ல் சிப்லாவின் யூசுஃப் ஹமீது 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். 2004 ஏப்ரல் 1-ல் இந்திய அரசு ஏ.ஆர்.டி. எனப்படும் இந்தக் கூட்டு மருந்து சிகிச்சையை எட்டு மையங்களில் இலவசமாகத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அதில் ஒன்று. அப்போதெல்லாம் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால்தான் மருந்து. ஆள் விழும் வரை காத்திருந்தோம் என்றுகூடச் சொல்லலாம். சீக்கிரம் தொடங்குவதே நல்லது என்று 2015-ல் பெரிய ஆய்வுகள் காட்டிய பிறகு, 2017-லிருந்து எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருந்து என்று மாறியது.

தினம் ஒரு மாத்திரை என்பது கேட்க எளிது. ஷிஃப்ட் தொழிலாளியின் நாளில் அதை எங்கே செருகுவது? இந்த வாரம் காலை ஆறு மணி, அடுத்த வாரம் ராத்திரி பத்து மணி. அறையில் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வைப்பவர்கள் உண்டு. ஷிஃப்டோடு சேர்த்து மாத்திரை நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருக்காமல், எல்லா ஷிஃப்டிலும் விழித்திருக்கும் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். சில மணி நேரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். நாள் கணக்கில் விட்டால்தான் வம்பு. ரத்தத்தில் மருந்து அரைகுறையாக இருக்கும் நாட்களே வைரஸுக்குப் பயிற்சிக் களம். மையத்துக்குப் போகும்போது மிச்சமிருக்கும் மாத்திரையோடு டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்ப்பது இதற்காகத்தான். போலீஸ் வேலை பார்ப்பதற்காக அல்ல.

இன்னும் சில கண்ணிகள் உண்டு. நேரங்கெட்ட சாப்பாட்டால் நெஞ்செரிச்சல் வந்து ஜெலுசில் குடிக்கிறார் என்று வையுங்கள். அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மாத்திரையை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கதை. சாப்பாட்டோடு என்றால் மட்டும் சேர்த்துப் போடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு ஈரல் டொலுடெக்ராவிரைச் சீக்கிரம் கரைத்துவிடும், ஆகவே 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் தனியாகத் தருவார்கள். இதெல்லாம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. என்ன மருந்து எடுக்கிறேன் என்று அவரும் கடைக்காரரிடம் சொல்ல மாட்டார்.

ஆறு மாதம் ஒழுங்காக எடுத்த பிறகு வைரல் லோடு சோதனை, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் எத்தனை என்று எண்ணுவது. 1,000-க்குக் கீழ் என்றால் கட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். பலருக்கும் கருவியால் எண்ண முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிப்பட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்று பரவாது. இதை நிறுவிய ஆய்வுகளில் முக்கியமானது 1,763 தம்பதிகளைக் கொண்டு நடந்து 2011-ல் முடிவு வந்த எச்.பி.டி.என். 052. சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று சுனிதி சாலமன் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர். முதல் தொற்றைக் கண்டவரே, தொற்றை நிறுத்தும் வழியை நிரூபிப்பதிலும் பங்கெடுத்தார். 2015-ல் அவர் காலமானார்.

ஆக, ஓசூரிலிருந்து ஒருவர் புவனேஸ்வருக்கோ புனேவுக்கோ கிளம்பினால் என்ன ஆகும்? நல்ல சேதி, நாடு முழுக்க ஒரே திட்டம், ஒரே மருந்து. பதிவு செய்த ஏ.ஆர்.டி. மையத்தில் சொன்னால், போகும் ஊரின் மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். சிகிச்சை விவரம் எழுதிய புத்தகம் கையில் இருக்கும். நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துத் தருவதும் நடக்கிறது. தடங்கல் திட்டத்தில் இல்லை, கிளம்பும் விதத்தில்தான். மேஸ்திரி ராத்திரி போன் பண்ணுவார், காலை ரயில். மையத்துக்குப் போய்ச் சொல்ல ஏது நேரம்? புது ஊரில் முதல் சம்பளம் வரும்வரை லீவு கேட்க முடியாது. அதற்குள் டப்பா தீர்ந்துவிடும். அப்படி மாட்டிக்கொண்டவர் 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசினால் பக்கத்தில் மையம் எங்கே என்று சொல்வார்கள். இந்த எண் தெரிந்த தொழிலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை.

சட்டத்துக்கு வருகிறேன் என்றேன். எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. சோதனை கேட்கக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இதற்கென்று புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். சிப்காட்டின் பெரிய கம்பெனிகள் இந்த வரம்புக்குள் வரும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் யாரிடம் போய்ப் புகார் சொல்வார் என்று கேட்டால், அதற்குப் பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

கடைசியாகக் குழந்தைகள். தொற்றுள்ள தாய்க்குக் கர்ப்பத்திலேயே மருந்து கொடுத்து, பிறந்ததும் குழந்தைக்குத் தடுப்பு சிரப் கொடுத்தால், தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். ஆனால் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று உறுதி சொல்ல இந்த மருத்துவத்தின் மிக நீண்ட காத்திருப்பு தேவை. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து 18 மாதம் வரை தங்கியிருக்கும். நம்பிக்கை மையத்தின் புள்ளிக் கருவி அதையும் தொற்று என்றே படிக்கும். அதனால் 45-வது நாள் தடுப்பூசிக்கு வரும்போதே குதிகாலில் குத்தி, தாளில் உள்ள வட்டங்களில் ரத்தத்தை ஒற்றி, உலர்த்தி, வைரஸின் மரபுப் பொருளையே தேடும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் மறுபடி. பதினெட்டாம் மாதத்தில் கடைசிச் சோதனை, அதற்குப் பிறகும் தாய்ப்பால் தொடர்ந்தால் நிறுத்தி மூன்று மாதம் கழித்து இன்னொன்று. ஓசூரில் கர்ப்பமான பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு போவார். அது தளியாகவும் இருக்கலாம், கோலாராகவும் இருக்கலாம், ஒடிசாவின் கஞ்சமாகவும் இருக்கலாம். குழந்தைக்கு ஐந்தாறு மாதமானதும் திரும்பி வருவார். அதற்குள் கணவர் வேறு கம்பெனிக்கு மாறியிருப்பார். ஒவ்வொரு சோதனையும் ஒவ்வொரு ஊரில் விழும். எந்த ஊரில் எந்தச் சோதனை முடிந்தது என்பது தாயின் கையிலுள்ள அட்டையிலும், மையங்களுக்கு இடையே பேசிக்கொள்ளும் இரண்டு ஆலோசகர்களின் போனிலும்தான் இருக்கும்.